கைத்தொலைபேசியும் சங்கக் குறிப்பேடும்

(மன்னாரில் கடற்றொழிலாளர், கமக்காரர் சங்கச் செயலாளர்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



2025 ஆகஸ்ட்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக இத்தீவு மக்கள் வீதிக்கு வந்தனர். செப்டெம்பர் 26 இரவு காற்றாலைப் பாகங்கள் கொண்டுவரப்பட்டபோது பொலிசாருடன் மோதல் மூண்டது. 29ஆம் நாள் மன்னார் முழுவதும் ஹர்த்தால். மோதலின் காட்சிகளைக் கொழும்புக்கும் இலண்டனுக்கும் கொண்டு சென்றவை நம்மவர் கைத்தொலைபேசிகளே.

பெருமைதான். ஆனால் அக்காட்சிகளின் மூலப்பதிவு இன்று யாரிடம் இருக்கின்றது? ஆயிரம் பேர் பகிர்ந்தனர். பேணி வைத்தவர் எத்தனை பேர்?

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் ஒலி, ஒளிப் பதிவுகளைச் சான்றாக ஏற்க வழி செய்கின்றது. ஆயினும் பதிவு திரிபற்றது என்று மன்றுக்குக் காட்டும் பொறுப்பு நம்முடையது. வாட்சப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். எடுத்த நேரமும் இடமும் பற்றிய உட்குறிப்பு நீங்கிவிடும். அதையே ஆவணக் கோப்பாக அனுப்பினால் அவை எஞ்சும். இழுவைமடித் தொழில் 2017இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இன்றும் அது நம் மீனவர் வலைகளை அறுக்கின்றது. அறுந்த வலையைப் படம் எடுப்பவர் மூலத்தைத் தம் தொலைபேசியிலேயே வைத்திருக்க வேண்டும். பிரதியொன்றை அன்றே சங்கத்தின் பொதுக்கோப்பில் இட வேண்டும்.

அடுத்தது அறிக்கைகள். சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துரைக்க 30 நாள் தரப்படுகின்றது. நூற்றுக்கணக்கான பக்கங்கள்! ஒரு சட்டத்தரணி தனித்திருந்து படித்தால் தவணை கடந்துவிடும். பலர் ஒருங்கே எழுதக்கூடிய கூகுள் ஆவணத்தில் அதனைப் பகுத்துக் கொண்டால் என்ன? பறவைகள் பற்றிய பகுதியை வங்காலை ஆசிரியர் படிக்கட்டும். கடலோரப் பகுதியைப் பேசாலைச் சங்கம் பார்க்கட்டும். நீரியலைப் பொறியியலாளர் ஒருவர் ரொறன்ரோவிலிருந்தே பார்க்கட்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு அதிலேயே பதிவாகின்றது.

2020இல் 103.5 மெகாவாற் ஆற்றலுடன் 30 காற்றாலைகள் இத்தீவில் இயங்கத் தொடங்கின. அவற்றின் பின் மழைநீர் வடியும் வழி அடைபட்டது என்று தீவு மக்கள் கூறுகின்றனர். கூறினாற் போதாது. எந்த ஒழுங்கையில், எந்த மழையில், எத்தனை நாள் நீர் நின்றது? ஒவ்வொரு கிராமத்திலும் ஒருவர் இவற்றைப் பொது அட்டவணையில் குறித்து வந்தால், இரண்டு மாரியில் எந்த அதிகாரியும் தள்ள முடியாத ஆவணம் உருவாகும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பெறும் பதில்களும் அவ்விடத்திலேயே சேரட்டும். ஒரே வினாவை மூன்று சங்கங்கள் தனித்தனியே அனுப்பி, மும்முறை காத்திருப்பது வீண் உழைப்பு.

கட்டுக்கரைக் குளத்துக் கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நீர் திறக்கும் நாளைத் தேநீர்க்கடையில் யாரும் முடிவு செய்வதில்லை; காலபோகக் கூட்டத்தில் பேசி, குறிப்பேட்டில் ஏற்றினாலே அது முடிவு. வாட்சப் குழு நம் தேநீர்க்கடை. அங்கே பேசலாம், அழைக்கலாம், எச்சரிக்கலாம். அங்கே விழும் கட்டைவிரற் குறிகளைத் தீர்மானம் என்று கொள்வதை நாம் ஏற்கமாட்டோம். தொலைபேசியே இல்லாத வாடிக் கிழவருக்கும், கணவனின் தொலைபேசியை இரவலாகப் பார்க்கும் பெண்ணுக்கும் அத்தீர்மானத்தில் பங்கேது?

ஆபத்தையும் சொல்லிவிடுகின்றோம். சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக, 2007ஆம் ஆண்டின் சிவில் அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டத்தின் கீழ் 2019இல் கைதாகி நான்கு மாதம் மறியலில் இருந்தார். உரிமையைக் காக்கப் பிறந்த சட்டம் செய்த வேலை அது! 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. பொய்யான கூற்று என்று எதனையும் சுட்ட அதிகாரத்துக்கு அது இடமளிக்கின்றது. ஆகையால் சங்கத்தின் பெயரில் வெளியாகும் ஒவ்வொரு வரியையும் இருவர் படித்துச் சரிபார்த்த பின்னரே வெளியிடுங்கள். கேட்டதையும் கண்டதையும் கலக்காதீர்கள். மாற்றுச் சமயத்தவரை இழிக்கும் சொல் ஒன்று குழுவில் விழுந்தால் அக்கணமே நீக்குங்கள். மன்னாரில் அச்சொல்லின் விலை மிகப் பெரிது.

இறுதியாக ஒரு வேலை. குழுவின் நிருவாகியும், முகநூற் பக்கத்தின் கடவுச்சொல்லை அறிந்தவரும் பல சங்கங்களில் ஒரே இளைஞர். நாளை அவர் கட்டாருக்கு வேலைக்குப் போனால் பக்கமும் அவருடனே போய்விடும். இன்று மண்டபத்தை விட்டு வெளியேறுமுன், ஒவ்வொரு சங்கமும் இரண்டாம் நிருவாகி ஒருவரைத் தெரிந்து, அப்பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டுக. ஏடு அந்த மேசையில் இருக்கின்றது.