கண் சிமிட்டும் குழந்தையைத் திட்டாதீர்கள்

(நமது சங்கத்தின் உடல்நல விழிப்புணர்வுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



இன்று ‘டிக்’ பற்றிப் பேசப் போகிறேன். சில பிள்ளைகள் அடிக்கடி கண்ணைச் சிமிட்டுவார்கள், தோளைக் குலுக்குவார்கள், கழுத்தை வெட்டுவார்கள். சிலர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள், திடீரென்று ஒரு சத்தம் போடுவார்கள். இவைதான் டிக். பெரும்பாலும் 5, 6 வயதில் தொடங்கும். 10 முதல் 12 வயது வாக்கில் உச்சத்துக்குப் போகும். அதன்பின் பலருக்குப் படிப்படியாகக் குறைந்துவிடும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் மூன்று, நான்கு மடங்கு அதிகம். பலவிதமான அசைவுகளும், குறைந்தது ஒரு குரல் டிக்கும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடித்தால், அதை டூரெட் சிண்ட்ரோம் என்கிறோம்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? முதலில் கண் டாக்டரிடம் போகிறோம், பிறகு காது மூக்கு தொண்டை டாக்டரிடம். இருவரும் “ஒன்றுமில்லை” என்றதும், “அப்போ வேணும்னேதான் பண்றான்” என்று முடிவு கட்டிவிடுகிறோம். அடுத்து, “எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லையே, இது யார் வழியா வந்துச்சு?” என்ற கேள்வி எழும். அநேகமாகப் பிள்ளையின் அம்மாவைப் பார்த்துத்தான் அதைக் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லவே வந்திருக்கிறேன்.

1885இல் கில் த லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். இது பரம்பரையாக வருவது என்று அவரே கருதினார். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம், இது மனதில் அடக்கிவைத்த ஆசைகளால் வருவது, வளர்ப்பின் கோளாறு என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1960களில் ஹாலோபெரிடால் என்ற மருந்து டிக்கைக் குறைப்பது தெரிந்தபோதுதான் பார்வை மறுபடி மூளையின் பக்கம் திரும்பியது.

பரம்பரையின் பங்கு எவ்வளவு? அதை அறிய இரட்டையர்களைப் பார்க்க வேண்டும். 1985இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு டூரெட் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 53 சதவீதம். உருவொவ்வாத இரட்டையரில் அது 8 சதவீதம்தான். இந்த இடைவெளிக்குப் பெரும் காரணம் மரபணுக்கள்.

அப்படியானால் ‘டிக் மரபணு’ என்று ஒன்று இருக்கிறதா? இல்லை. 2010இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். தந்தைக்கும் அவருடைய எட்டுப் பிள்ளைகளுக்கும் டூரெட். மூளையில் ஹிஸ்டமின் தயாரிக்க உதவும் ஒரே ஒரு மரபணுவில் இருந்த மாற்றம் அத்தனை பேரிடமும் இருந்தது. ஆனால் இப்படிப்பட்ட குடும்பம் மிக அபூர்வம். மற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கான சிறுசிறு மரபணு வேறுபாடுகள் ஒன்றுசேர்ந்துதான் டிக் வருகிறது. அவற்றில் சில அப்பாவிடமிருந்து, சில அம்மாவிடமிருந்து. பூட்டிய கதவைப் பத்துத் தடவை இழுத்துப் பார்க்கும் ஓசிடி குணத்துக்கும் டிக்குக்கும் பொதுவான மரபணு வேர்கள் உண்டு. ஆகவே “எங்க பக்கத்துல யாருக்கும் இல்லை” என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. யார் வழியாக வந்தது என்றால், பெரும்பாலும் இரண்டு வழியாகவும்தான்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? உருவொத்த இரட்டையருக்கு மரபணு ஒன்றேதான். பிறகு ஏன் நூற்றுக்கு நூறு வரவில்லை? இங்கேதான் எபிஜெனெடிக்ஸ் வருகிறது. நம் பிளாக்கில் எல்லா வீட்டுக்கும் பில்டர் போட்டுக் கொடுத்த வயரிங் ஒன்றுதான். எந்த வீட்டில் எந்த ஸ்விட்ச் போட்டிருக்கிறது என்பது வேறு. மரபணுவும் அப்படித்தான். மெத்தில் போன்ற சிறு வேதிக்குறிகள் அதன் மேல் ஒட்டும்போது, எழுத்து மாறாது. அந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பது மாறும். இந்தக் குறிகளைக் கருப்பையில் கிடைக்கும் ஊட்டம் கூட மாற்றலாம். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது கருவில் இருந்தவர்களிடம் சுமார் 60 ஆண்டுகள் கழித்தும் அப்படிப்பட்ட மாற்றம் காணப்பட்டது.

டிக்கிலும் இதற்குச் சாயல் உண்டு. உருவொத்த இரட்டையரில் பிறக்கும்போது எடை குறைவாக இருந்த பிள்ளைக்கே டிக் கடுமையாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. டோபமின் தொடர்பான மரபணுக்களில் மெத்தில் குறிகளையும் ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் இந்தத் துறை இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது. டிக்கை உறுதிசெய்ய எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. யாராவது ‘ஜீன் டெஸ்ட்’ பேக்கேஜ் விற்க வந்தால் பணத்தைக் கொட்டாதீர்கள். கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிட்டாய், என்ன செய்தாய் என்று எந்தத் தாயையும் விசாரிக்கவும் வேண்டாம்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

தும்மல் வருமுன் மூக்கில் ஒரு குறுகுறுப்பு வருமே, அதுபோல டிக் வருமுன்னும் உடலில் ஓர் உந்துதல் எழும். பிள்ளை சிறிது நேரம் அடக்கலாம். தும்மலைப் போலவே அது பிறகு வந்தே தீரும். “நிறுத்து” என்று அதட்டினால் பதற்றம் கூடும். பதற்றம் கூடினால் டிக்கும் கூடும். வீட்டில் அதைச் சுட்டிக்காட்டாமல் விடுவதே முதல் வைத்தியம்.

படிப்பையோ நட்பையோ டிக் பாதித்தால், அல்லது கழுத்து வலி போன்ற தொல்லை தந்தால் மருத்துவரைப் பாருங்கள். உந்துதல் வரும்போது அதற்கு எதிரான ஓர் அசைவைச் செய்யப் பழக்கும் நடத்தைப் பயிற்சி இருக்கிறது. 2010இல் வெளியான ஆய்வில் அந்தப் பயிற்சி பெற்ற பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. தேவைப்பட்டால் மருந்துகளும் உண்டு. ஆனால் அசைவின்போது பிள்ளை நினைவிழந்தால் அது வேறு பிரச்சினையாக இருக்கலாம், தாமதிக்காமல் காட்டுங்கள்.

கடைசியாக, அக்கம்பக்கத்தில் இருக்கும் நமக்கு. லிப்டில் ஒரு பையன் சத்தம் போட்டால் திரும்பி முறைக்காதீர்கள். உங்கள் பிள்ளை அவனைப் போலச் செய்து காட்டிச் சிரித்தால் கூப்பிட்டு எடுத்துச் சொல்லுங்கள். மேல் வீட்டுச் சத்தத்தைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். விளையாட்டில் அவனையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மரபணு நம் கையில் இல்லை. அவன் இந்த வளாகத்தில் கூச்சமில்லாமல் ஓடியாடி வளர்வது நம் கையில் இருக்கிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.