கடைவீதியில் கிடைத்த கருப்பொருள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



நகரத்துக்குப் போய்வந்தால் எழுதுவதற்குப் பொருள் கிடைக்கும் என்னும் நம்பிக்கை எழுதுவோரிடையே நெடுநாளாக உண்டு. போய்வந்தவர்களுள் பலர் கால்வலியோடு மட்டும் திரும்புகின்றனர் என்பதும் அவையோர் அறிந்ததே. பொருள் கிடைப்பது என்றால் என்ன, கிடைத்ததை என்ன செய்வது என்னும் இரு வினாக்களுக்கும் சொல்லால் அன்றி மரப்பெட்டிகளால் விடை கூறிய ஒருவரைப் பற்றியது இவ்வுரை. அவர் கவிதை எழுதியவர் அல்லர். எனினும் கவிஞர்கள் அவரைத் தம் இனத்தவராகவே கொண்டனர். அவர் பெயர் ஜோசப் கார்னெல்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் நையாக் என்னும் ஊரில் 1903 டிசம்பர் 24 அன்று பிறந்தவர். 1917இல் தந்தை மறைந்தார், குடும்பம் நொடித்தது. 1921இல் கம்பளித் துணி நிறுவனம் ஒன்றில் விற்பனையாளராகச் சேர்ந்தார். துணி மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு மன்ஹாட்டன் பகுதியில் படியேறி இறங்குவதே தொழில். இயல்பிலேயே பெருங்கூச்சம் உடையவருக்கு, முன்பின் அறியாதவரிடம் பேசிப் பொருள் விற்பது எத்தகைய வேதனை என்பதை ஊகிக்கலாம். ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கும் வரையுள்ள இடைவேளைதான் அவருக்கு மிஞ்சிய உலகம். அந்த இடைவேளைகளில் நான்காம் அவென்யூவின் பழைய புத்தகக் கடைகளில் நுழைந்தார். பழைய அச்சுப்படங்கள், நட்சத்திர வரைபடங்கள், நடன மங்கையரின் ஒளிப்படங்கள், வெளிநாட்டு ஓட்டல் விளம்பரங்கள் என்று வாங்கிச் சேர்த்தார். எதற்கு என்று அப்போது அவருக்கே தெரியாது.

1929இல் குடும்பம் குவீன்ஸ் பகுதியில் ஒரு சிறு மரவீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அத்தெருவின் பெயர் யுடோப்பியா பார்க்வே. கற்பனைப் பொன்னாட்டின் பெயர் தாங்கிய அத்தெரு மிகச் சாதாரணமான தெரு. அங்கே தாயும், மூளை முடக்குவாதத்தால் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த தம்பி ராபர்ட்டும் அவரோடு இருந்தனர். திருமணம் செய்துகொள்ளவில்லை, தம்பியைப் பேணுவதில் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது. கடல் கடந்து ஒருமுறையேனும் சென்றவர் அல்லர். பாரீஸ் மாநகரை வழிகாட்டி நூல்களிலும் பழைய படங்களிலும் மட்டுமே கண்டார். ஆகவே அவருடைய பயணம் என்பது ரயிலேறி நகருக்குள் சென்று, பை நிறையப் பொருளோடு வீடு திரும்புவதே.

1931இல் ஜூலியன் லெவி என்பவர் தொடங்கிய ஓவியக் கூடத்தில் மாக்ஸ் எர்ன்ஸ்ட் செய்த ஒட்டுப்படங்களைக் கண்டார். பழைய அச்சுப்படங்களை வெட்டி ஒட்டி அவர் புதிய உலகம் ஒன்றைப் படைத்திருந்தார். அதைக் கண்ட பின்னரே, தம் வீட்டில் குவிந்து கிடப்பவற்றை என்ன செய்யலாம் என்பது கார்னெலுக்குப் புலனாயிற்று. வாங்கியது முன்பு, வழி தெரிந்தது பின்பு. இந்த வரிசையைக் கவிஞர்கள் உற்று நோக்க வேண்டும். கருத்து ஒன்றை வைத்துக்கொண்டு அதற்கேற்ற பொருளைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர் அவர்.

அண்டை வீட்டார் ஒருவரிடம் தச்சு வேலை பழகினார். தாயும் தம்பியும் உறங்கிய பின் சமையலறை மேசையில் வேலை நடந்தது. பின்னாளில் நிலவறை பட்டறையாயிற்று. கண்ணாடி முகப்புள்ள பெட்டி செய்து, உள்ளே பொருள்களை அமைத்தார். உல்வொர்த் போன்ற மலிவு விலைக் கடைகளில் வாங்கிய சிறு மதுக்கிண்ணம், கோலிக்குண்டு, சிப்பி, களிமண் புகைக்குழாய் ஆகியவையே அவருடைய சொற்கள்.

1936இல் செய்த ‘சோப்புக் குமிழித் தொகுதி’ என்னும் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதில் சந்திரனின் வரைபடம் ஒன்று, களிமண் குழாய் ஒன்று, கிண்ணத்தில் ஒரு முட்டை, ஒரு பொம்மையின் தலை. குழந்தைகள் குமிழி ஊதும் குழாய் இருக்கிறது; குமிழி மட்டும் இல்லை. காண்பவர் கண் குழாயிலிருந்து நிலவுக்குச் செல்கிறது. குழாய் ஊதிய குமிழியே நிலவாக மிதக்கிறதோ என்று மனம் தானே சொல்லிக்கொள்கிறது. உடைந்துவிடும் குமிழியும் உடையாத நிலவும் ஒன்றாகும் அந்தக் கணத்தில் குழந்தைப் பருவம் முழுதும் கடந்துபோகிறது. இதைத் தமிழ்க் கவிஞர்க்கு விளக்க வேண்டுவதில்லை. முதல், கரு, உரி என வகுத்த மரபு இது. நெய்தல் நிலத்துப் புன்னையையும் நாரையையும் உரிய இடத்தில் நிறுத்திவிட்டு, தலைவியின் இரக்கத்தைக் கேட்பவர் நெஞ்சுக்கு விட்டுவிடும் மரபு. கார்னெலின் நிலம் ஐந்திணையுள் அடங்காத கடைவீதி. அவர் கையாண்ட முறையோ நன்கு அறிமுகமானது.

1942இல் அவர் செய்த ‘மெடிச்சி’ பெட்டியில், காசு போட்டால் மிட்டாய் தரும் இயந்திரத்தின் அமைப்புக்குள் மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். நகரத்தின் எளிய கேளிக்கையும் அரண்மனைத் தனிமையும் ஓரிடத்தில் கூடுகின்றன. 1953 அளவில் எமிலி டிக்கின்சனை எண்ணிச் செய்த ‘நீலத் தீபகற்பத்தை நோக்கி’ இவை யாவற்றினும் சிறந்தது எனலாம். வெண்ணிறக் கூண்டு, கம்பிவலை, பறவை இல்லாத தாங்குகோல், பின்புறம் நீலவானம் தெரியும் ஒரு சன்னல். பொருள்களைச் சேர்ப்பதையே வாழ்வாகக் கொண்டவர், வீட்டைவிட்டு அதிகம் வெளிவராத ஒரு கவிஞருக்காக ஏறத்தாழ எல்லாவற்றையும் அகற்றிவிட்டார். சேர்த்தவனுக்கே விலக்கும் உரிமை உண்டு போலும்.

நகரத்துக்குச் சென்ற நாளெல்லாம் அவருக்குப் பொன்னாள் அன்று. மலிவான உணவகங்களில் தனியே அமர்ந்து இனிப்புப் பண்டம் உண்டபடி, தாள்துண்டுகளிலும் உறைகளின் பின்புறத்திலும் குறிப்புகள் எழுதினார். அக்குறிப்புகளில் மகிழ்ச்சியும் உண்டு. ஒன்றும் கூடிவராத நாளின் சலிப்பும் உண்டு. வாங்கிய பொருள் உடனே பெட்டிக்குள் செல்வதுமில்லை. வகை பிரித்து, பெயர் எழுதி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்தார். கவியரங்க மேடையிலிருந்து இறங்குமுன்னே அச்சகத்துக்கு வழி கேட்கும் வழக்கம் அவர்க்கு வாய்க்கவில்லை!

தம்பி 1965இலும் தாய் 1966இலும் மறைந்தனர். தம்பி வரைந்த படங்களைத் தம் படைப்புகளோடு சேர்த்து 1966இல் காட்சிக்கு வைத்தார். 1972இல் கூப்பர் யூனியன் கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே நடந்த காட்சியில், அவர்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பெட்டிகள் தாழ்த்தி வைக்கப்பட்டன. வந்த சிறுவர்க்குப் பானமும் கேக்கும் தரப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று அவர் காலமானார்.

மெக்சிகோ கவிஞர் ஒக்டாவியோ பாஸ் அவரைப் பற்றி எழுதிய கவிதையை எலிசபெத் பிஷப் ஆங்கிலத்தில் ஆக்கினார்; தாமும் ஒரு பெட்டி செய்து பார்த்தார். சார்லஸ் சிமிக் 1992இல் முழுநூலே எழுதினார். பட்டறையில் எஞ்சியவை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. அவற்றுள் சிப்பிகளும் கடிகார உறுப்புகளும் கத்தரித்த படங்களும், எந்தப் பெட்டிக்கும் போய்ச் சேராமல், அவர் பிரித்து வைத்த வகைப்படி இருக்கின்றன.