வாய்மையை வாழ்வாக்கிய வானொலியாளர் எட்வேட் மறோ

(சங்க வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



ஆண்டுதோறும் நவராத்திரி விழாவிலே கலைமகளின் திருமுன் ஏட்டையும் எழுதுகோலையும் வைத்து வழிபடுகின்றோம். தச்சன் தன் உளியை வைக்கின்றான். இசைவாணன் தன் வீணையை வைக்கின்றான். அந்த வரிசையிலே ஒலிவாங்கிக்கும் ஓர் இடம் உண்டு என்பதே நமது துணிபு. அதுவும் வாக்குக்குரிய கருவியன்றோ! அக்கருவியின் முன் நின்று, கோடிக்கணக்கான மக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவருடைய வரலாற்றை இன்று சிந்திக்க எடுத்துக்கொண்டோம். அவர் அமெரிக்க நாட்டினர். பெயர் எட்வேட் மறோ. வானொலியிற் செய்தியுரைத்துப் புகழ்பெற்று, பின்னர் தொலைக்காட்சியிலும் அத்தொழிலுக்கு வழிவகுத்தவர். நாட்டாலும் சமயத்தாலும் நமக்கு அயலவர் என்றாலும், நல்லதை எங்கு கண்டாலும் போற்றுவது நம் மரபு.

நம் முன்னோர் உண்மை, வாய்மை, மெய்மை என மூன்று சொற்களை வழங்கினர். உள்ளத்தின் தூய்மை உண்மை. வாயின் தூய்மை வாய்மை. மெய்யாகிய உடம்பின் தூய்மை மெய்மை என்று ஆன்றோர் பொருள் விரிப்பர். இம்மூன்றும் ஒருவழிப்பட்ட இடத்திலேதான் ஒருவன் சொல்லை உலகம் நம்பும். மறோவின் வாழ்வை இம்மூன்று அளவுகோல்களையும் கொண்டே அளந்து பார்ப்போம்.

முதலில் அவர் பிறப்பு வளர்ப்பைச் சுருங்கச் சொல்வோம். 1908ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆந் திகதி, வட கரோலினா மாநிலத்தில் ஓர் ஏழை உழவர் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். பிள்ளை சிறுவனாயிருக்கையிலேயே குடும்பம் நாட்டின் மறுகோடியாகிய வாஷிங்ரன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. காட்டிலே மரந்தறிக்கும் முகாம்களில் உடலுழைத்த இளைஞர், பின்னர் அம்மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து 1930இற் பட்டம் பெற்றார்.

அக்கல்லூரியில் அவருக்கு ஒரு குரு வாய்த்தார். ஐடா லூ அன்டர்சன் என்னும் அம்மையார், இளம்பிள்ளைவாத நோயினால் உடல் வளைந்தவர். ஆயினும் பேச்சுக்கலையைக் கற்பிப்பதில் நிகரற்றவர். மாணவனின் குரலிலுள்ள ஆற்றலைக் கண்டுணர்ந்து வளர்த்தவர் அவரே. பிற்காலத்தில் மறோ இலண்டனிலிருந்து பேசியபோது, "இது இலண்டன்" என்று பொருள்படும் தொடக்க வாக்கியத்தில் முதற் சொல்லின்பின் ஒரு கணம் நிறுத்திப் பேசுமாறு அறிவுரை கூறியவரும் அவரே. அந்த ஒரு கண மௌனமே அவ்வொலிபரப்பின் முத்திரையாயிற்று. உலகம் புகழும் நிலையிலும் ஆசிரியரின் திருத்தத்தைத் தலைமேற்கொண்ட மாணவனை நம் வாலிபர்கள் கவனிப்பார்களாக.

கல்லூரியை விட்டபின் 1932 முதல் 1935 வரை அனைத்துலகக் கல்வி நிலையமொன்றிற் பணியாற்றினார். ஹிட்லர் ஆட்சியினால் ஜேர்மனியிற் பதவியிழந்த பேரறிஞர்களுக்கு அமெரிக்காவிற் புகலிடம் தேடிக்கொடுக்கும் குழுவின் துணைச் செயலாளராகவும் இருந்தார். கொடுங்கோன்மை என்பது யாது என்பதை, அதனால் அடிபட்டவர்களின் வாயிலாகவே அறிந்துகொண்டார்.

1935இல் சீ.பீ.எஸ். என்னும் வானொலி நிறுவனத்திற் சேர்ந்து, 1937இல் அதன் ஐரோப்பியப் பொறுப்பாளராக இலண்டன் சென்றார். அங்கு அவருக்கிட்ட வேலை, பேச வல்லோரைத் தேடி ஒலிவாங்கியின் முன் அமர்த்துவது, தாமே பேசுவதன்று. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுட் புகுந்தது. அப்போது மறோ போலந்தில் இருந்தார். நேரே வியன்னாவுக்குச் செல்ல வேறு வழியின்மையால் ஒரு முழு விமானத்தையே தனியாக வாடகைக்கு அமர்த்திச் சென்றிறங்கினார். வியன்னாவிலிருந்த அவருடைய துணைவர் வில்லியம் ஷைறர், தணிக்கையின்றிப் பேசுதற்பொருட்டு இலண்டன் சென்றார். மார்ச் 13ஆந் திகதி இரவு இலண்டன், பாரிஸ், பேர்லின், வியன்னா முதலிய நகரங்களிலிருந்து செய்தியாளர் ஒரே அரைமணி நேர நிகழ்ச்சியில் அடுத்தடுத்துப் பேசினர். மறோ செய்தியாளராகப் பேசியது அன்றே முதன்முறை. பல ஊர்ச் செய்தியாளரை ஒரே நிகழ்ச்சியில் அழைத்துப் பேசவைக்கும் முறைக்கு அந்த இரவு ஒரு வழிகாட்டியாயிற்று.

இனி முதலாவது அளவுகோலாகிய மெய்மைக்கு வருவோம்.

1940 செப்ரெம்பர் 7ஆந் திகதி தொடங்கி, இலண்டன்மீது ஜேர்மன் விமானங்கள் இரவுதோறும் குண்டுமாரி பொழிந்தன. மக்கள் நிலத்தடி அறைகளை நாடி ஓடிய வேளையில், மறோ கட்டடங்களின் கூரைமேல் ஏறி நின்றார். அதிகாரிகள் முதலில் இணங்கவில்லை. விடாது கேட்டு அநுமதி பெற்றே அங்கிருந்து பேசினார். 1943 டிசெம்பரில் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானமொன்றில் ஏறி பேர்லின் நகரின்மேற் சென்று திரும்பினார். அன்றிரவு அவ்வாறே வேறு விமானங்களிற் சென்ற செய்தியாளரில் இருவர் மாண்டனர். அதன்பின்னும் அவர் நிற்கவில்லை. போர் முடிவதற்குள் இருபதுக்கு மேற்பட்ட தடவை போர்விமானங்களிற் பறந்தார். கண்ணாற் காணாததைச் சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை. தம் உடம்பையே சாட்சியாக வைத்துப் பேசினார் என்று கூறுதல் மிகையாகாது.

இரண்டாவது வாய்மை. போர்ச் செய்தியைக் கூறுவோர் குரலை உயர்த்துவதும், அழகிய சொற்களை அடுக்குவதும் எளிது. மறோ செய்ததோ வேறு. 1940 ஓகஸ்ட் 24ஆந் திகதி, இலண்டன் நகரின் நடுவில் ஒரு கோவிற் படியருகே நின்று பேசிக்கொண்டிருக்கையில் அபாயச் சங்கு ஒலித்தது. அவர் பேச்சை நிறுத்தி, ஒலிவாங்கியை நடைபாதையருகே தாழ்த்திப் பிடித்தார். புகலறைக்குச் செல்வோரின் காலடியோசை கேட்டது. ஓட்டமில்லை, கூச்சலில்லை, அமைதியான நடை. கடலுக்கப்பால் அமெரிக்காவிலிருந்தோர் இலண்டன் மக்களின் நெஞ்சுரத்தை அந்தக் காலடிகளிலே கேட்டறிந்தனர். தாம் பேசுவதிலும் மௌனம் நன்று என்றவிடத்து மௌனஞ்சாதிக்க அறிந்திருந்தார்.

1945 ஏப்பிரல் 12ஆந் திகதி புக்கன்வால்ட் என்னும் நாஜிச் சிறைமுகாமுக்குட் சென்றார். பட்டினியாற் சாகும் மனிதரையும், விறகுபோல் அடுக்கப்பட்ட பிணங்களையும் கண்டார். உடனே ஓடிச்சென்று உலகுக்கு அறிவித்துப் புகழ்பெற்றிருக்கலாம். மூன்று நாள் பேசாதிருந்து, 15ஆந் திகதியே ஒலிபரப்பினார். பிணங்களை எண்ணிய கணக்கைச் சொன்னார். கைதிகள் தம்மிடம் கூறியவற்றைச் சொன்னார். கண்டதிற் பெரும்பகுதியை உரைக்கத் தம்மிடம் சொல்லில்லை என்றும் ஒப்புக்கொண்டார். திருவள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். இவ்விரண்டும் ஓரிடத்திற் சேர்ந்து நின்றதை அவ்வொலிபரப்பிலே காண்கின்றோம்.

மூன்றாவது உள்ளத்தின் உண்மை. இதுவே மூன்றினுள்ளும் அரிது. பகைவனின் குண்டுக்கு அஞ்சாதவனும், தன் ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சுவான்.

போருக்குப்பின் தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளுட் புகுந்தது. மறோ வானொலிச் செய்தியை விடாது தொடர்ந்துகொண்டே, தம் தோழர் பிறெட் பிறென்ட்லியுடன் 1951 நவெம்பரில் "இப்போது பாருங்கள்" என்னும் பொருள்படும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார். அக்காலத்தில் செனற்றர் ஜோசப் மக்கார்த்தி என்பவர், கண்டவரையெல்லாம் கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டி நாட்டையே நடுங்கச் செய்துகொண்டிருந்தார். சான்று வேண்டப்படவில்லை; ஐயமே போதுமானதாயிற்று. ஆசிரியர், நடிகர், அரசாங்க ஊழியர் எனப் பலர் வேலையிழந்தனர்.

மறோ ஒரு சிறிய மனிதனின் வழக்கிலிருந்து தொடங்கினார். மைலோ றடுலோவிச் என்பவர் ஆகாயப்படையிற் சேமப்பிரிவு லெப்டினன்ற். தந்தையும் சகோதரியும் கொண்ட கொள்கைகளின்மேல் ஐயங்கொண்டு அவரைப் படையினின்றும் நீக்க முற்பட்டனர். தகப்பன் வாசித்த பத்திரிகைக்காகப் பிள்ளையைத் தண்டிப்பதா? 1953 ஒக்ரோபரில் இவ்வழக்கை மறோ திரையிற் காட்டினார். அடுத்த மாதமே ஆகாயப்படை தன் முடிவை மாற்றியது.

பின்னர் 1954 மார்ச் 9ஆந் திகதி, மக்கார்த்தியைப் பற்றியே அரைமணி நேர நிகழ்ச்சியை நடத்தினார். அந்நிகழ்ச்சிக்குப் பத்திரிகையில் விளம்பரஞ் செய்ய நிறுவனம் பணந்தர மறுத்தமையால் மறோவும் பிறென்ட்லியும் தம் கைப்பணத்தையே கொடுத்தனர். மறோ வசைமொழி பேசவில்லை. மக்கார்த்தி முன்னர் பேசிய பேச்சுக்களின் படச்சுருள்களையே எடுத்துக்காட்டி, அவர் சொல்லாலேயே அவரை அளந்தார். முடிவிலே தாம் நேரே மக்களை நோக்கி, குற்றஞ்சாட்டுதல் வேறு, குற்றத்தை நிறுவுதல் வேறு என்பதை நினைவூட்டினார். மறுமொழி கூற மக்கார்த்திக்கும் இடமளித்தார்; ஏப்பிரல் 6ஆந் திகதி அவரும் பேசினார். மறோவுக்கு முன்பே அவரை எதிர்த்தோர் சிலர் இருந்தனர். அவர் வீழ்ச்சி ஒருவரால் மட்டும் நிகழ்ந்ததன்று. ஆனால் வீடுதோறும் மக்களின் வாய்ப்பூட்டை உடைத்ததில் அந்த அரைமணிக்குப் பெரும் பங்குண்டு. அவ்வாண்டு டிசெம்பர் 2ஆந் திகதி செனற் சபை 67க்கு 22 என்ற வாக்குகளால் மக்கார்த்தியைக் கண்டித்தது.

இதற்குரிய விலையையும் மறோ கொடுத்தார். விளம்பரகாரர் விலகினர், வாரந்தோறும் நடந்த நிகழ்ச்சி அடுத்த ஆண்டே ஒழுங்கான இடத்தை இழந்து, 1958இல் நின்றே போயிற்று. அவ்வாண்டு ஒக்ரோபரிற் சிக்காகோ நகரில், தம் தொழில்செய்வோர் கூடிய சபையிலே, அத்தொழிலின் குறைகளையே எடுத்துரைத்தார். தொலைக்காட்சி மனிதரின் அறிவை வளர்க்க வல்லது. ஆயின் மனிதர் அதற்கென அதனைப் பயன்படுத்தத் துணியாவிடின், அது கம்பிகளும் விளக்குகளும் அடங்கிய ஒரு பெட்டியாகவே எஞ்சும் என்பது அவர் கருத்து. 1960 நவெம்பரில், ஊரூராய் அலைந்து பழம் பறித்தும் காய் பறித்தும் பிழைக்கும் ஏழைக் கூலிகளின் துயரைத் திரையிற் காட்டினார். நாட்டார் நன்றித் திருநாளில் வயிறாரவுண்ட மறுநாளே அது காட்டப்பட்டது.

அன்பர்களே, பெரியோர் வரலாற்றைச் சொல்லும்போது நிறைகளை மட்டும் சொல்லி முடித்தல் வழக்கம். வாய்மையைப் பற்றிப் பேசும் இடத்தில் அது பொருந்தாது. 1961இல் ஜனாதிபதி கென்னடியின் அழைப்பை ஏற்று, மறோ அரசாங்கத் தகவல் நிறுவனத்தின் தலைவரானார். அப்பதவியில் அமர்ந்ததும், தாம் ஆக்கிய அந்தக் கூலிகளின் படத்தையே பீ.பீ.சீ. காட்டாதிருக்கும்படி கேட்டுக்கொண்டார். நாட்டின் பெயர் வெளியுலகிற் கெடும் என்ற அச்சமே காரணம். பீ.பீ.சீ. இணங்கவில்லை, படத்தைக் காட்டியது. இரவல் வாயாற் பேசத் தொடங்கியவுடன் எத்தகையோர்க்கும் நா இடறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மேலும், 1955இலேயே புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தம் நிகழ்ச்சியிற் காட்டியவர், தம் கையிலிருந்த சிகரெட்டை விடவில்லை. அந்நோயே 1965 ஏப்பிரல் 27ஆந் திகதி அவர் உயிரைக் கொண்டது. வயது ஐம்பத்தேழு. வாய் அறிந்ததை மெய் கைக்கொள்ளவில்லை. மூன்றும் ஒருவழிப்படுதல் எத்துணை அரிது என்பதை அவர் வெற்றியும் காட்டுகின்றது, தவறும் காட்டுகின்றது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று வாலிபர் வினவலாம். அக்காலத்தில் ஒலிவாங்கி ஒரு சிலர் கையில் இருந்தது. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. கைத்தொலைபேசியில் வந்ததை மற்றொருவருக்கு அனுப்பும் ஒவ்வொருவரும் செய்தி உரைப்பவரே. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்திலே முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல் மூண்டபோது, சமூக வலைத்தளங்களிற் பரவிய பொய்யும் பகையும் எரிகின்ற தீக்கு நெய்யாயின. அரசாங்கம் அத்தளங்களைச் சில நாட்கள் தடைசெய்தது. அந்நெய்யை வார்த்தவர் யாவரும் கொடியவரல்லர். பலர் வந்ததை ஆராயாது அனுப்பியவர்களே. வதந்தியினால் வீடிழந்தோரை நம் இனமும் அறியும்.

ஆதலின் ஒரு செய்தியை வாயாற் சொல்லுமுன், விரலாற் தட்டுமுன், மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்போம். இதனை நாம் கண்டோமா, கண்டவர் யாரென்றாவது அறிவோமா? உள்ளதை உள்ளபடி சொல்கின்றோமா, ஒன்றைப் பத்தாக்குகின்றோமா? இதனைச் சொல்லுமிடத்து நம் உள்ளத்திலிருப்பது நன்மையா, வன்மமா? மூன்றுக்கும் விடை கிடையாதாயின், மறோ கற்றுக்கொண்ட அந்த ஒரு கண மௌனத்தை நாமும் கைக்கொள்வோம். மேடையேறிப் பேசப் பழகும் நம் சங்க வாலிபர்க்கு, பேசுமுன் தரித்து நிற்கும் அப்பழக்கமே முதற் பாடமாகுக.

வாக்குக்குத் தலைவியாகிய கலைமகளின் திருவருள் நம் மெய்யையும் வாயையும் உள்ளத்தையும் ஒருவழிப்படுத்துமாக.