யந்திரம் அமைத்த கிராமவாசி
(கள்ளக்குறிச்சியில் கல்வராயன் மலைக் கிராமத்தாரிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



ஸ்திரீகளின் மாதவிலக்கைப் பற்றிச் சபையில் பேசலாகாதென்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அதைப் பேசத் துணிந்த ஒருவரின் வரலாற்றையே இன்று சொல்ல வந்தேன்.

கோயம்புத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் ஒரு கைத்தறி நெசவாளியின் புதல்வர். தந்தை விபத்தில் இறந்தார். தாயார் வயலிற் கூலி வேலை செய்தார். பதினான்காம் வயதிலேயே இவர் படிப்பை விட நேர்ந்தது; பின்னர்ப் பட்டறைத் தொழிலாளியானார். 1998-ல் விவாகம் நடந்தது. மனைவி அழுக்குத் துணியை மறைத்தெடுத்துச் செல்வதைக் கண்டு காரணம் வினவினார். கடையில் நாப்கின் வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்க இயலாது என்பதே விடையாயிற்று.

பஞ்சைக் கொண்டு தாமே செய்து பார்த்தார், பயன்படவில்லை. சோதித்துச் சொல்லப் பெண்கள் கூசினர். ஆகவே ஆட்டிரத்தம் நிறைத்த பந்துப் பையைத் தம் உடலிற் கட்டிக்கொண்டு, நாப்கினைத் தாமே அணிந்து நடந்தார். ஊரார் பித்தரென்று ஒதுக்கினர். மனைவியும் தாயாரும் பிரிந்து சென்றனர். அவரோ முயற்சியைக் கைவிட்டாரில்லை.

கடைச் சரக்கில் இருப்பது வெறும் பருத்தியன்று, மரக்கூழின் நாரே என்று அறிய இரண்டாண்டுகளுக்கு மேலாயின. அதைச் செய்யும் அயல்நாட்டு யந்திரத்தின் விலையோ கோடிக் கணக்கு. ஆகையால் வேலையைப் பகுத்து எளிய கருவிகளை அமைத்தார். ஒன்று கூழ்த் தகட்டை அரைத்துப் பஞ்சு போலாக்கும். ஒன்று அச்சில் அழுத்தும். பின் மெல்லிய துணி சுற்றி ஒட்டி, புறஊதாக் கதிரால் கிருமிகளைப் போக்குவர். ஆரம்பத்தில் அதன் விலை சுமார் 65,000 ரூபாயே.

2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யார் அதனைக் கண்டு மெச்சினர். பின்னர்த் தேசிய விருதும் கிட்டியது. பிரிந்த மனைவியும் திரும்பி வந்தார். பெருங் கம்பெனிகளுக்கு உரிமையை விற்றுச் செல்வம் சேர்க்காமல், கிராம மாதர் சுய உதவிக் குழுக்களுக்கே யந்திரத்தை அளித்தார். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

மலைவாசிகளாகிய உங்களுக்கு இதில் இரண்டு அனுகூலங்கள் உண்டு. வெள்ளிமலை முதலிய இடங்களிலுள்ள மாதர் குழுக்கள் ஒன்றுகூடினால் இத்தகைய தொழிலை நடத்தலாம். பொருளைத் தேடி மலையிறங்க வேண்டியதில்லை. அதுவரை துணியையே உபயோகிப்போர் சோப்பிட்டு நன்றாக அலசி, வெயிலிற் காயவைக்க வேண்டும். கூரையிடுக்கில் ஒளித்து ஈரத்தோடு வைப்பது நோய்க்கு இடந்தரும். புருஷர்களும் வெயிலில் உலரும் அத்துணியைக் கண்டு முகஞ் சுளியாதிருப்பார்களாக.