முட்டை குடிக்கும் தண்ணீர்



கோழியை அடை வைத்துப் பழகிய வீடுகளில் முட்டை பொரிக்கச் சூடு போதும் என்பார்கள். கோழி முட்டைக்கு அது பெரும்பாலும் சரி. அதன் ஓடு கெட்டி. குஞ்சுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதும் உள்ளேயே இருக்கிறது. 21 நாளில் முட்டை எடை குறைந்துகொண்டே போகும். பல பல்லி, பாம்பு முட்டைகளின் கதை வேறு. அவற்றின் ஓடு தோல் போல இருக்கும். சுற்றிலும் உள்ள ஈரத்தை அது குடிக்கும். இட்ட அன்று இருந்ததைவிடப் பொரிக்கும் நேரத்தில் முட்டை பருத்து நிற்கும்.

லெப்பர்ட் கெக்கோ என்று ஒரு பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலம் அதற்குச் சொந்த ஊர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் இதை வீட்டில் வளர்த்து, முட்டையைப் பெட்டியில் வைத்துப் பொரிக்கிறார்கள். வறண்ட நாட்டுப் பிராணிதான். ஆனாலும் தாய்ப்பல்லி ஈரமான இடம் தேடித்தான் முட்டையிடும். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டை. இந்தக் கைவேலையின் சூட்சுமம் முழுக்க அந்த ஈரத்தில்தான் இருக்கிறது.

மூடியுள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதில் வெர்மிகுலைட், அதாவது மாடித்தோட்டக்காரர்கள் தொட்டிமண்ணில் கலக்கும் லேசான துகள். அதன் எடைக்குச் சம எடை தண்ணீர் என்பது பரவலான கணக்கு. கணக்கு நல்லதுதான், ஆனால் கைதான் முடிவு சொல்ல வேண்டும். புட்டு மாவு பிசைந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். பிழிந்தால் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது.

புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் வாங்குவது ஈரப்பதமானி. என்னைக் கேட்டால், அது இந்த வேலைக்கு அரைகுறைக் கருவி. மூடிய டப்பாவுக்குள் துகள் அளவாக நனைந்திருந்தாலும் சரி, சேறாகக் கிடந்தாலும் சரி, காற்றின் ஈரத்தை அது ஏறக்குறைய நூறு சதவீதம் என்றே காட்டும். முட்டை பெரும்பாலும் குடிப்பதோ துகளில் உள்ள தண்ணீரை. ஆகவே அனுபவசாலிகள் சமையலறைத் தராசை எடுக்கிறார்கள். முதல் நாள் டப்பாவை நிறுத்து, எடையை மூடியிலேயே எழுதிவிடுவார்கள். வாரம் ஒருமுறை மறுபடி நிறுப்பார்கள். எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை தண்ணீரை, முட்டைமேல் படாமல், ஓரமாக விடுவார்கள். குளிர்ந்த நீர் கூடாது. டப்பாவின் சூட்டில் இருக்க வேண்டும். முட்டை குடித்த நீர் டப்பாவுக்குள்தானே இருக்கிறது, ஆகவே தராசு காட்டும் குறைவு வெளியே போன ஈரம் மட்டும். எவ்வளவு எளிய யோசனை!

மற்றதை முட்டையே சொல்லும். ஆரம்ப வாரங்களில் மேலே குழி விழுந்தால் ஈரம் போதவில்லை. பொரிக்கச் சில நாள் இருக்கும்போது குழி விழுந்தால் பதற வேண்டாம், அது வழக்கம்தான். மூடியில் நீர்த்துளி கோத்து முட்டைமேல் சொட்டினால் துடைத்துவிட வேண்டும். ஈரம் மிஞ்சினால் முட்டை உப்பிப் பூஞ்சை பிடிக்கும். நல்ல மனதோடு தண்ணீர் ஊற்றியே முட்டையைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. கோழி தன் முட்டையை உருட்டிக்கொண்டே இருக்கும். இங்கே அது ஆகாது. இட்டு ஓரிரு நாளில் கரு மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு புரட்டினால் சாகலாம். அதனால் மேற்புறத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை: 26 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைத்தால் குஞ்சு பெரும்பாலும் பெண், 32 வாக்கில் பெரும்பாலும் ஆண்.

இதைக் கேட்டதும் யாரும் உடனே டப்பா தேடக் கூடாது. நம் நட்சத்திர ஆமையையோ உடும்பையோ மலைப்பாம்பையோ வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பார்க்க ஆசையிருந்தால் சென்னைக் கடற்கரைக்கு வாருங்கள். தை, மாசி, பங்குனி இரவுகளில் பங்குனி ஆமைகள் கரையேறி இடும் முட்டைகளைத் தன்னார்வ மாணவர்கள் எடுத்து வந்து, பாதுகாப்பான வேலிக்குள் ஈரமணலில் புதைக்கிறார்கள். சுமார் 45 நாள் கழித்துக் குஞ்சுகள் மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வரும்.