காட்டுக்கு எந்த மாதம் போகலாம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விலங்கியல் படித்துவிட்டு, முப்பத்தைந்து வருடம் வங்கியில் மற்றவர்கள் பணத்தை எண்ணிக் கொண்டிருந்தவன் நான். என்னை மேடையில் ஏற்றியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் நமது செயலாளர் போன் செய்தார். "அடுத்த வருஷம் நம்ம செட்டு எல்லாரும் குடும்பத்தோட கபினிக்குச் சஃபாரி போறதா முடிவு பண்ணியிருக்கோம். மே மாசம்னு வச்சிருக்கோம். நீதான் வருஷா வருஷம் காடு காடுன்னு சுத்தறவனாச்சே, எது நல்ல சீசன்னு மேடையிலயே சொல்லிடு" என்றார்.

ஒரே வரியில் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். மார்ச் கடைசியிலிருந்து மே நடுவரை. எந்த ரிசார்ட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பதிலோடு எனக்கு ஒரு பழைய தகராறு உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். கபினி ஆறு வயநாட்டில் பிறந்து, கர்நாடகத்துக்குள் வந்து, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு சேர்கிறது. அதன் குறுக்கே 1974-ல் அணை கட்டி முடித்தார்கள். அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் ஊர்களும் போயின, காடும் போனது. இன்று அந்த நீர்ப்பரப்புக்கு வடகரையில் நாகரஹொளே, தென்கரையில் பந்திப்பூர். இரண்டும் புலிகள் காப்பகங்கள்.

இப்போது கோடை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேக்கும் மருதும் தை, மாசியிலேயே இலையை உதிர்த்துவிடுகின்றன. காட்டுக்குள் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றுகின்றன. அதே நேரத்தில் பாசனத்துக்கும் குடிநீருக்கும் விட விட, நீர்த்தேக்கமும் கீழே இறங்குகிறது. தண்ணீர் பின்வாங்கிய ஈர மண்ணில் இளம்புல் முளைக்கிறது. உள்காட்டில் நரைத்துப்போன கோரைப் புல், இங்கே கரையில் பச்சைப் பசேல் என்று தளிர்ப்புல், பக்கத்திலேயே தண்ணீர். ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கிற பிராணி வேறு எங்கே போகும்? கூட்டம் கூட்டமாக இறங்கி வருகின்றன. ஆசியாவில் யானைகள் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஒரே இடத்தில் கூடுவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் அதிகம் இல்லை. காட்டெருதுகளும் புள்ளிமான்களும் கூடவே வரும். புலி வெயில் தாங்காமல் தண்ணீரில் பின்பக்கத்தை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மறைப்பதற்கு இலை இல்லை, நடுவில் புதர் இல்லை. டிரைவர் வண்டியை நிறுத்தினால் போதும், நீங்கள் எண்ணிக்கொண்டே இருக்கலாம்.

இதிலும் ஒரு சூதாட்டம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை இரண்டு தரம் ஓங்கிப் பெய்துவிட்டால், உள்காட்டுக் குட்டைகள் நிறைந்துவிடும், புல் துளிர்த்துவிடும். நேற்றுவரை கரையில் நின்ற கூட்டம் இன்று காணாமல் போய்விடும். மூன்று மாதம் முன்னாடியே ரூம் போட்டவர்கள் வானத்தைத் திட்டுவார்கள். மழையைத் திட்டுகிற மனிதர்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை!

நான் சொன்ன தகராறு 2017-ல் ஆரம்பித்தது.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பா விவசாயி. அப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். டெல்டாவில் சம்பா கருகியது. வயலைப் பார்க்கப் பார்க்க அவர் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. கொஞ்ச நாள் ஊரைவிட்டு வெளியே கூட்டிப் போனால் நல்லது என்று நினைத்தேன். ஏப்ரல் கடைசியில் பேரப்பிள்ளைகளோடு அவரையும் கபினிக்கு அழைத்துப் போனேன். "இந்த வருஷம் மாதிரி சீசன் வராது சார், தண்ணி ரொம்ப இறங்கியிருக்கு" என்று தங்கும் விடுதியில் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

சொன்னபடியே இருந்தது. அன்று சாயங்காலம் வேன் கரைக்கு வந்து நின்றபோது, என் பேத்தி எண்ணி அறுபத்து மூன்று யானை சொன்னாள். குட்டிகளோடு தாய்கள், தள்ளி ஒரு தந்தமுள்ள ஆண். கேமராக்கள் படபடவென்று அடித்தன. எனக்கும் உற்சாகம். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் யானையைப் பார்க்கவில்லை. யானைகளுக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஒரு வாய்க்கால் அளவுக்கு மின்னிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"ஏண்டா தம்பி, இதுதானா கபினி?"

"ஆமாம்ப்பா."

"ரேடியோவுல சொல்வானே, கபினி நிரம்பிடுச்சுன்னு. அந்தக் கபினியா?"

எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் மாநிலச் செய்தி முடியும்வரை யாரும் பேசக் கூடாது. மேட்டூர் எத்தனை அடி என்று தெரிந்த பிறகுதான் சாப்பாடு. தென்மேற்குப் பருவமழையில் வயநாடு நனைந்தால் முதலில் நிரம்புவது கபினி. அதன் உபரிதான் முதலில் மேட்டூருக்கு வரும். விலங்கியல் படித்த நான், பத்துப் பன்னிரண்டு தடவை அந்தக் கரைக்கு வந்துபோன நான், அந்தப் பசும்புல் வெளி எங்கள் வயலுக்கு வர வேண்டிய தண்ணீரின் வெற்றிடம் என்று ஒரு நாளும் சேர்த்து யோசித்ததில்லை.

அப்பா அதோடு விடவில்லை. டிரைவர் தமிழ் புரிந்த கன்னடக்காரர், பக்கத்துக் கிராமம். "உங்க ஊர்ல விளைச்சல் எப்படி?" என்று கேட்டார். "ராகி போச்சு அஜ்ஜா. போர்லயும் தண்ணி இல்ல" என்றார் அவர். அஜ்ஜா என்றால் தாத்தா. பிறகு இரண்டு பேரும் யானையை மறந்துவிட்டு ராகியும் நெல்லும் பேசத் தொடங்கினார்கள். பின் சீட்டில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அப்புறம்தான் நான் யானைகளைச் சரியாகப் பார்த்தேன். புல் இருந்தும், நெற்றியில் பொட்டுப்பொட்டாகப் பள்ளம் விழுந்து, விலா எலும்பு தெரிய நின்றவை சில இருந்தன. நாம் "நல்ல சீசன்" என்கிறோமே, அது யாருக்கு என்ற கேள்வி அன்றைக்கு வந்தது. அந்த ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை.

அடுத்த வருடம், 2018, கதை தலைகீழ். வயநாட்டில் கொட்டித் தீர்த்தது. ஜூலை 19-ல் மேட்டூர் திறந்தார்கள். 23-ந் தேதி 120 அடி நிரம்பியது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் ஓடியது. அப்பா ஊரிலிருந்து போன் பண்ணினார். நாற்றங்கால், விதைநெல் எல்லாம் சொல்லிவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில், "அது சரி, உன் யானையெல்லாம் இப்ப எங்கடா போயிருக்கும்?" என்றார்.

நல்ல கேள்வி. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1980-களின் தொடக்கத்தில் ராமன் சுகுமார் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் யானைகளின் பின்னாலேயே அலைந்து இதற்குத்தான் விடை தேடினார். சுருக்கமாகச் சொன்னால், யானை புல்லின் வயதைப் பார்த்து இடம் மாறுகிறது. வறட்சியில் ஆற்றோரப் பள்ளத்தாக்குகளில் ஒதுங்கி மரத்தழை, பட்டை தின்கிறது. முதல் மழை பெய்து உயரப்புல் தளிர்க்கும்போது காடு முழுக்கப் பரவுகிறது. அந்தப் புல் முற்றி முரடாகிவிட்டால், இரண்டாவது மழைக்காலத்தில் குட்டைப்புல் வளரும் தாழ்வான முள்காட்டுப் பக்கம் நகர்கிறது. அங்கேதான் காட்டோரத்தில் ராகி கதிர் பிடிக்கும். விவசாயி பரணில் கண்விழிக்கிற மாதங்களும் அவைதான். ஆக, யானை எங்கும் காணாமல் போவதில்லை. நம் வேன் போகிற பாதையில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பா கேட்டதற்காகவே அந்த அக்டோபரில் தனியாகப் போனேன். தண்ணீர் காட்டின் விளிம்புவரை நின்றது. 2017-ல் யானைகள் மேய்ந்த இடத்தில் படகில் போனேன். இரண்டு நாளில் தூரத்தில் ஒரே ஒரு யானை. டிரைவருக்குத்தான் என்னைவிட வருத்தம். ஆனால் பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை! காலைப் பனி, ஓடைச் சத்தம், ஈர மண்ணில் அச்சு எடுத்த மாதிரி புலியின் காலடி. பாதையோரச் சாணத்தை உதைத்துப் பார்க்க இறங்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார்கள், நியாயம்தான். ஓர் உன்னிப் புதருக்குப் பின்னால் கிளை முறிகிற சத்தம் மட்டும் பதினைந்து நிமிடம் கேட்டது. ஆள் தெரியவில்லை. அறுபத்து மூன்று யானையைப் பார்த்த சாயங்காலத்தைவிட அந்தப் பதினைந்து நிமிடத்தில் என் நெஞ்சு அதிகமாக அடித்தது. நிறைந்த அணையின் போட்டோவை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

முதுமலைக்குப் போகலாமே என்று சிலர் கேட்பீர்கள். போகலாம். அது 1940-லேயே சரணாலயமானது. 2007-ல் புலிகள் காப்பகம். ஆனால் அதை ஒரே காடாக நினைக்காதீர்கள். கூடலூரை ஒட்டிய மேற்குப் பக்கம் தென்மேற்கு மழையில் நனைவது. மசினகுடி, சீகூர் பக்கம் மழை மறைவுப் பகுதி, முள்காடு. அதற்கு ஐப்பசி, கார்த்திகை மழையும் முக்கியம். மேற்கே நனைந்துகொண்டிருக்கும்போது கிழக்கே வெயில் அடிக்கும். ஒரு காட்டுக்கே இரண்டு சீசன்! பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை இந்தக் காடுகளில் எங்கும் தீப் பயம். நிலைமை மோசமானால் வனத்துறை சுற்றுலாவை நிறுத்திவிடும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்ததைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். அந்த மாதங்களில் போகிறவர்கள் கிளம்புமுன் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை காட்டுச் சாலை மூடியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். "ராத்திரி ஜீப்புல யானை காட்டறேன்" என்று மெதுவாகக் காதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம். நானும் ஒரு முறை, வெகுநாள் முன்பு, ஆசைப்பட்டு ஏறினேன். குட்டியோடு நின்ற தாய் யானையின் முகத்தில் விளக்கை அடித்தார்கள். அது குட்டியை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு திணறியதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

வடக்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கான்ஹா, பாந்தவ்கர் போன்ற இடங்களில் மழைக்காலத்தில், ஜூலை முதல் செப்டம்பர் முடிய, உள்காட்டை மூடிவிடுவார்கள். காசிரங்காவும் மழையில் மூடியிருக்கும். பறவை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேடந்தாங்கலும் கோடியக்கரையும் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள்.

இப்போது மே மாதம் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட லீவு என்பதால் மே என்கிறார் செயலாளர். ஐயா, நம் செட்டில் முக்கால்வாசிப் பேர் ரிட்டயர் ஆகிவிட்டோம். யாருடைய லீவுக்காக நாம் காத்திருக்கிறோம்? லீவு நாளில் ஒரு புலிக்குப் பதினைந்து வண்டி நிற்கும். வார நடுவில் போனால் வாடகையும் குறைவு, கூட்டமும் குறைவு.

என் யோசனை இது. ஒரே காட்டுக்கு இரண்டு தரம் போவோம். முதலில் அக்டோபர் கடைசி. தண்ணீர் நிறைந்திருக்கும், யானை தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும். மழைக்கோட்டு கட்டாயம்; அட்டைக்குப் பயப்படுகிறவர்கள் வேனை விட்டு இறங்கப் போவதில்லை, ஆகவே கவலை வேண்டாம். பிறகு ஏப்ரல் முதல் வாரம், பேரப்பிள்ளைகளோடு. அப்போது அவர்கள் எண்ணட்டும். ஏப்ரல் மட்டும் வருகிறேன் என்பவர்களையும் சேர்த்துக்கொள்வோம், ஆனால் வேனில் முன் சீட்டு அக்டோபருக்கு வந்தவர்களுக்குத்தான். விலங்கியல் துறை மாணவர்கள் இரண்டுக்கும் வந்தால், யானை நின்ற இடங்களை இரண்டு தடவையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். செலவில் ஒரு பகுதியை எங்கள் செட்டு ஏற்றுக்கொள்ளும். இதை நான் யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டேன், பொருளாளர் மன்னிக்க வேண்டும்.

மைசூர்வரை ரயில், அங்கிருந்து வேன். பெயர்களை இன்றைக்கே எழுதிக்கொள்கிறேன். அக்டோபருக்கு யார் யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்.