வளவுக் கோதாவின் சம்பியன்கள்

சம்பியன் பட்டம் என்பது ஒருவர் மற்றவரை வென்று பெறுவது. இதில் ஐயத்துக்கு என்ன இடமிருக்கிறது என்று நேயர்கள் வினவக்கூடும். ஆயின், யார் வெல்வது, யார் வீழ்வது என்பதைக் களம் இறங்குமுன்னரே இரு சாராரும் கூடியிருந்து தீர்மானித்துக்கொள்ளும் மல்யுத்தமும் உலகில் உண்டு. அமெரிக்காவிலே பெருந்திரளான மக்கள் காசு கொடுத்துக் கண்டுகளிக்கும் தொழில்முறை மல்யுத்தம் அத்தகையது. இது நெடுங்காலம் தொழிலின் இரகசியமாகவே பேணப்பட்டு வந்தது. 1989 ஆம் ஆண்டில், அரசாங்கக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறும்பொருட்டு, அத்தொழிலில் முதன்மை பெற்றிருந்த நிறுவனமே நியூ ஜேர்சி மாநிலச் சட்டசபையாரிடம் இது விளையாட்டுப் போட்டியன்று, களியாட்டமே என ஒப்புக்கொண்டது.

முடிவு முன்னரே தெரிந்த போட்டியில் சம்பியன் என்ற சொல்லுக்குப் பொருள் யாது? இவ்வினாவுக்கு விடை காணப் பெரிய நிறுவனங்களை நாடுவதினும், பள்ளிச் சிறுவர் சிலர் தம் வீட்டு வளவிலே தாமே தொடங்கி நடத்திய ஒரு சிறு குழுவின் கதையை நோக்குவது பயன் தரும்.

வட கரோலினா மாநிலத்திலே கமரன் என்றொரு சிற்றூர் உண்டு. சில நூறு பேரே வாழும் ஊர். அங்கே புகையிலை பயிரிட்டு வாழ்ந்த ஹார்டி என்பாருக்கு மற், ஜெப் என இரு புதல்வர்கள். மூத்தவர் 1974 இலும், இளையவர் 1977 இலும் பிறந்தனர். புகையிலைத் தோட்டத்து வேலை எத்தகையது என்பதை நம் நேயர் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. அச்சிறுவரும் அவ்வேலையிலே வளர்ந்தவர்களே. 1986 இல் அவர்களுடைய தாயார் மூளைப் புற்றுநோயால் காலமானார். தந்தையும் இரு மைந்தருமாக அவ்வீடு எஞ்சியது.

1988 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உலக மல்யுத்த சம்மேளனம் 14 மல்லர்கள் கலந்துகொண்ட சுற்றுப்போட்டி ஒன்றை ஒரே இரவில் நடத்தியது. றன்டி சவேஜ் என்பவர் அவ்விரவில் நான்கு முறை களமிறங்கி, நான்கிலும் வென்று, சம்பியன் பட்டியை உயர்த்திப் பிடித்தார். கமரன் ஊரின் பதின்மூன்று வயதுச் சிறுவனின் உள்ளத்தில் அக்காட்சி பதிந்துவிட்டது. தானும் மல்லனாதல் வேண்டும் என்பதே அன்று முதல் அவனுடைய நினைவாயிற்று. தம்பியும் அயல் நண்பர்களும் உடன் சேர்ந்துகொண்டனர்.

அவர்களிடம் கோதா இல்லை. ட்ரம்பொலின் ஒன்று இருந்தது. இரும்புச் சட்டத்தைச் சுற்றிலும் சுருள்வில்களைப் பூட்டி, அவற்றின் நடுவே வலிய துணியை இறுக்கிக் கட்டிய துள்ளுமேடையே ட்ரம்பொலின் எனப்படுவது. அதன்மீது குதிப்பவனை அது மேலே எறியும்; விழுபவனை நோகாது ஏந்தும். தொலைக்காட்சியிற் கண்ட பிடிகளையும் பாய்ச்சல்களையும் சிறுவர்கள் அதன்மீது நின்று பயின்றனர். பயின்றதோடு அமையவில்லை. தம் குழுவுக்கு ட்ரம்பொலின் மல்யுத்த சம்மேளனம் எனப் பெயரும் சூட்டிக்கொண்டனர். நாலைந்து சிறுவர் கூடினால் ஒரு சங்கமும் அதற்கொரு பெரும் பெயரும் தோன்றிவிடுதல் எல்லா நாட்டுக்கும் பொதுவான வழக்கம் போலும்.

இனி, இத்தகைய குழுவிலே பட்டம் கைமாறும் விதத்தைச் சற்று நின்று நோக்குவோம். உண்மை மல்யுத்தத்தில் வலியவன் வெல்வான். அதன்மேல் ஆராய்ச்சிக்கு இடமில்லை. இங்கோ ஒருவன் சம்பியனாவதற்கு மற்றொருவன் வீழ்ந்து கிடக்கச் சம்மதித்தல் வேண்டும். அதுவும் அயலவர் பார்த்திருக்க, வகுப்புத் தோழர் நகைக்க, மூன்று எண்ணும் வரை அசையாது கிடத்தல் வேண்டும். பதினைந்து வயதுச் சிறுவனுக்கு இது எளிய காரியமன்று. மேலும், குழுவை நடத்துபவனும் களத்தில் இறங்குபவனும் ஒருவனே. போட்டியின் முடிவை எழுதுகின்ற கை தன் பெயரையே எழுதத் துடிக்கும். அவ்வாறு எழுதினால் இரண்டாம் மாதத்திலேயே மற்றையோர் வீடு திரும்பிவிடுவர், குழுவும் கலைந்துவிடும். எதிரி வலியவன் என்று காண்போர் நம்பினாலன்றி அவனை வென்றவனுக்கும் பெருமை இல்லை. ஆதலின் பட்டத்தை வைத்திருப்பவன் அதனை உரிய காலத்தில் மற்றொருவனுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். இத்தகைய குழுக்களின் சம்பியன் வரலாறு எனப்படுவது யார் யாரை நம்பினார், யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார் என்பதன் வரலாறேயாம்.

நம்பிக்கை என்பது இங்கே வெறும் பேச்சன்று. ட்ரம்பொலினை விட்டு மெய்யான கோதாவுக்கு ஏறியபோது அவர்கள் இதனை நன்குணர்ந்திருப்பர். கோதாவின் தளம் பஞ்சு மெத்தையன்று. இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை. அதன்மேல் மெல்லியதொரு விரிப்பு. அதன்மேல் இறுக்கிக் கட்டிய கித்தான். அதிலே விழுபவன் நாடியை நெஞ்சோடு சேர்த்து, மூச்சை வெளியே விட்டு, முதுகின் மேற்பாகம் முழுவதும் ஒருங்கே தரையிற் படும்படி விழுதல் வேண்டும். தலையை முந்தவிட்டால் கழுத்துப் போய்விடும். ஒருவனைத் தலைக்கு மேல் தூக்கியவன் அவனுடைய உயிரைத் தன் கையில் ஏந்தி நிற்கிறான் என்பது மிகைக் கூற்றன்று.

இளைஞர்கள் வளரக் குழுவும் வளர்ந்தது. பெயரும் பலமுறை மாறியது. வட கரோலினாவின் கிராமியக் கண்காட்சிகளிலே அவர்களுடைய போட்டிகள் இடம்பெற்றன. மூத்தவர் மற் மல்லர்களுக்கான உடைகளைத் தாமே வடிவமைத்துத் தைத்தார். ஆள் பற்றாக்குறையை நிரப்ப முகமூடி கைகொடுத்தது. இளையவர் ஜெப் வில்லோ என்றும், முகமூடி மலை என்றும், வேறு பல பெயர்களிலும் தோன்றினார். நிகழ்ச்சி நிரலை வாசிப்பவர் ஐவர் என எண்ணுவர், வந்தவரோ ஒருவர். இத்தகைய குழுக்களின் வீரர் பட்டியலை ஆராயப் புகுவோர் இதனை மறத்தலாகாது.

இக்காலத்திலே இவ்விருவரும் மாணவர்கள் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மற் கல்வியில் மந்தமானவரல்லர். மாநிலத்திலே பெருமதிப்புள்ள புலமைப்பரிசில் ஒன்றுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலச் சென்றவர், தந்தையார் நோயுற்றமையால் ஓராண்டில் திரும்பி, அருகிலிருந்த கல்லூரியிற் படிப்பைத் தொடர்ந்தார். ஜெப்புக்கோ பாடசாலையிலேயே ஓர் இக்கட்டு நேர்ந்தது. பாடசாலை விளையாட்டா, தொழில்முறை மல்யுத்தமா, ஒன்றைத் தெரிந்துகொள் என்றனர். அவர் மல்யுத்தத்தைத் தெரிந்தார். விதியில் நியாயம் இல்லாமலில்லை. காசுக்கு விளையாடுபவனைக் காசின்றி விளையாடுவோருடன் நிறுத்துதல் முறையன்று. ஆயினும், மாலையெல்லாம் தான் உருவாக்கிய குழுவைக் கைவிடும்படி ஒரு மாணவனிடம் கேட்பது, அவன் தானாக எழுதிய ஒரே புத்தகத்தை எரித்துவிடு என்பதற்கு ஒப்பாகும். அவன் வேறெதனைத் தெரிந்திருப்பான்?

1994 ஆம் ஆண்டு மே மாதத்திலே பெரிய சம்மேளனத்தின் வாயில் திறந்தது, ஆனால் சம்பியனாவதற்கன்று. புகழ்பெற்ற மல்லர்களின் வல்லமையைக் காட்டும்பொருட்டு, ஒருநாட் கூலிக்குத் தோற்பதற்கென்றே சிலரை அமர்த்துவது அத்தொழிலின் வழக்கம். மற் அவ்வாறே நிக்கொலாய் வொல்கொவ் என்பவரிடம் தோற்றார். ஜெப்புக்கு அப்போது வயது 16. பதினெட்டு என்று பொய் சொல்லி, கீத் டேவிஸ் என்ற வேறொருவர் பெயரிலே களமிறங்கி, றேசர் றமோன் என்ற பிரபல மல்லரிடம் தோற்றார். அவர் சொன்ன பொய்யை எவரும் மெச்சப் போவதில்லை. ஆயினும் சொந்த ஊரிலே புகழுடன் உலவிய இளைஞர் இருவர், நாடெங்கும் பார்த்திருக்கத் தோற்கும் வேலையைத் தயங்காது ஏற்றுப் பல ஆண்டுகள் செய்தனர் என்பதைக் கருதுதல் வேண்டும். அழகாகத் தோற்கும் வித்தையை அவர்கள் வளவிலேயே கற்றிருந்தனர்.

1997 இல், தோமஸ் சிம்சன் என்பவருடன் சேர்ந்து, அவர்கள் தம் குழுவை ஒமேகா என்ற பெயரில் புதிதாக அமைத்தனர். ஷேன் ஹெல்ம்ஸ், ஷனன் மூர், ஜோயி மத்தியூஸ் முதலிய இளைஞர்கள் அதிலே திகழ்ந்தனர். ஏமி டூமாஸ் என்ற பெண்ணும் அவர்களோடு பயின்றார். குழு நீடித்ததோ ஈராண்டு அளவே. 1998 இல் சகோதரர் இருவரும் பெரிய சம்மேளனத்துடன் ஒப்பந்தமாயினர். 1999 இல் ஒமேகா மூடப்பட்டது. ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிவதெங்ஙனம்? அதே ஆண்டு ஜூலை மாதத்தில் ஹார்டி சகோதரர் இருவரும் சம்மேளனத்தின் இரட்டையர் சம்பியன் பட்டத்தைப் பெற்றனர். 2000 ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஏமி டூமாஸ், லீற்றா என்ற பெயருடன், பெண்கள் சம்பியனானார். ஹெல்ம்ஸ் 2006 இல் பெற்ற இலகு எடைப் பட்டத்தை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தார். ஜெப் 2008 டிசெம்பரில் தனியர் பட்டத்தின் உச்சியை அடைந்தார்.

இவர்களைப் பார்த்தும் பிறரைப் பார்த்தும் அமெரிக்காவில் எண்ணற்ற சிறுவர்கள் வீட்டு வளவுகளிலே கோதா அமைக்கத் தலைப்பட்டனர். அவர்களுட் பலர் விழக் கற்குமுன்னரே பாயத் தொடங்கினர். முட்கம்பியும் மின்குமிழும் அவர்களுக்குக் கருவிகளாயின. அக்கொடுமையை விளக்கும் ஆவணப்படம் ஒன்று 2002 இல் வெளிவந்தது. முறையாகக் கற்றவர்களும் தப்பினார்களல்லர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கயிற்றின் மேலிருந்து பாய்ந்து விழுந்ததன் பலனாக, முதுகின் அடிப்பாக எலும்பு இடுப்பெலும்புடன் ஒட்டத் தொடங்கிவிட்டதென 2018 இல் மற் தாமே அறிவித்தார். முடிவு மாத்திரமே முன்னர் பேசி வைத்தது, விழுகை மெய்யானது.

இனி ஒன்றே சொல்ல எஞ்சியுள்ளது. 2016 ஆம் ஆண்டு ஜூலை மாதம், சகோதரர் இருவரும் தமக்குள்ளே பகை மூண்டதாக ஒரு கதை புனைந்து, அதன் இறுதிப் போட்டியைக் கமரன் ஊரிலே, மற்றின் வீட்டு வளவிலே நடத்திப் படமாக்கினர். அரங்கமில்லை, ஆரவாரிக்கும் கூட்டமில்லை, புற்றரையும் மரங்களும் குளமுமே களம். பந்தயப் பொருள் பட்டியுமன்று, பணமுமன்று. ஹார்டி என்ற குடும்பப் பெயர் யாருக்கு உரியது என்பதே பந்தயம். உலக சம்பியனாக உயர்ந்திருந்த தம்பி அன்று தோற்றார். அக்கதையிலே தம் பெயரையும் இழந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரில் மாதம் ஒலாண்டோ நகரிலே, பல்லாயிரவர் எழுந்து நின்று முழங்க, இருவரும் ஹார்டி சகோதரராகவே ஒருங்கே கோதாவுக்கு நடந்து வந்து, இரட்டையர் பட்டத்தை மீண்டும் பெற்றனர்.